மூலைக்கு மூலை

விசில் ஒலித்ததும் எல்லோரும் ஓடினார்கள். ஓடக்கூடாது என்பதே மங்கையர்க்கரசிக்கு இடப்பட்டிருந்த கட்டளை. வடக்குச் சுவரை ஒட்டி அருகருகே நிறுத்தப்பட்டிருந்த இரண்டு நீல டிரம்களுக்குப் பின்னால் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, ஸ்பாஞ்சுத் தோட்டா சுடும் விளையாட்டுத் துப்பாக்கியை இடக்கையில் ஏந்தியபடி, எதிரே சுவரோரமாக நீண்டு கிடந்த வெற்றுச் சந்தினை அவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யாராவது வந்தால் சுட வேண்டும். யாரும் வராவிட்டால், யாரும் வரவில்லை என்பதைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். "அக்கா, நம்ம டீம்ல சும்மா இருக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான்," என்று அணித்தலைவன் நிசார் சொன்னபோது, அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று விளங்காமல் அவள் தலையசைத்திருந்தாள். சும்மா இருப்பதாவது! உடம்பு ஓரிடத்தில் நிற்கிறது என்பதற்காக உள்ளே ஓடுவது நின்றுவிடுமா? மூடிப்போன மில் ஒன்றின் பஞ்சுக் கிடங்கு இது. கோயம்புத்தூரில் இவ்வளவு உயரமான கூரை ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. பஞ்சு போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தும் அதன் தூசி மட்டும் போகவில்லை. மேற்குச் சாளரங்களின் வழியே விழுந்த வெயிலில் அது மிதந்துகொண்டிருந்தது. தும்மல் வந்தால் என்ன செய்வது? தும்மினால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். ஆனால் இடம் யாருக்குத்தான் தெரியாது? ஒவ்வோர் ஆட்டத்திலும் வலப்பக்கச் சுவரோரம் உட்கார்ந்திருப்பவள் அவள்தான் என்று கொங்கு நாட்டின் ஐந்து அணிகளுக்கும் தெரியும். சுவர் வலப்பக்கம் இருந்தால் இடக்கைக்காரிக்கு எட்டிப் பார்க்க வாகாக இருக்கும். நிசார் அதை எண்ணித்தான் அங்கே வைக்கிறான். அவன் எலும்பும் தசையும் அறிந்த பிசியோதெரபிஸ்ட். யார் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதை நடையிலேயே கண்டுகொள்வான்.

சாய்வு. அந்தச் சொல் மனத்தில் எழுந்தேவிட்டது. இன்று அந்தச் சொல்லை நினைக்கவே கூடாது என்று காலையில் முடிவு செய்திருந்தாள். இந்த ஐந்து ஊர் அணிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு: எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊரார் களத்தை அமைப்பார்கள்; டயர்களையும் டிரம்களையும் பலகைகளையும் எங்கெங்கே நிறுத்துவது என்பது முழுக்க அவர்கள் பொறுப்பு. மூன்று சுற்றும் ஆடி முடித்த பிறகு, விருந்தினர் அணித்தலைவர் எல்லோர் முன்னிலையிலும் ஒரே ஒரு சொல் சொல்வார். இரு பக்கத்தாருக்கும் களம் ஒரே நியாயம் வழங்கியிருந்தால் 'நேர்'. ஒரு பக்கத்துக்குச் சலுகை காட்டியிருந்தால் 'சாய்வு'. நேர் என்று பெயர் வாங்கும் களத்தையே ஈரோட்டில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு அப்படியே எடுத்து அமைப்பார்கள். அமைத்தவரின் பெயரை மைக்கில் கூவுவார்கள். இந்த ஆண்டு மற்ற நான்கு ஊர்க் களங்களும் சாய்வு. எஞ்சியிருப்பது இதுதான், மங்கையின் களம். இதுவும் சாய்ந்துவிட்டால் காற்றடைத்த மெத்தைச் சுவர்களை எங்கிருந்தோ வாடகைக்குக் கொண்டுவந்து ஈரோட்டில் நிறுத்திவிடுவார்கள். எந்த ஊரில் நிறுத்தினாலும் ஒரே மாதிரி இருக்கும், குழந்தைகள் குதிக்கும் பொம்மைக் கோட்டை போன்ற சுவர்கள். அந்தச் சுவர்களை நினைத்தாலே அவளுக்குப் பல் கூசியது. மாடுலர் கிச்சன் வரைந்து பிழைக்கும் பெண் அவள். பிறர் வீட்டு அடுப்பையும் தொட்டியையும் ஓரங்குலம் இப்படி, ஓரங்குலம் அப்படி என்று நகர்த்தியே வாழ்வில் பாதி கழிந்திருக்கிறது. ஒரு வீட்டிலும் யாரும் அவள் பெயரைக் கூவியதில்லை. கூவ வேண்டுமென்று எதிர்பார்த்ததும் இல்லை. ஆனால் மைக்கில், ஈரோட்டில், 'களம் அமைத்தவர் மங்கையர்க்கரசி' என்று முழுப் பெயரும் ஒலிப்பதைக் கடந்த ஒரு மாதமாகக் குளிக்கும்போதெல்லாம் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கணவர் கதவைத் தட்டி, "யார்கூடப் பேசிட்டிருக்கே?" என்று ஒருநாள் கேட்டதும் உண்டு.

"மாமா, குனிங்க!" "நீங்க குனிங்க மாப்ளே, எனக்குக் குனிஞ்சா எந்திரிக்க முடியாது!" கிடங்கின் மறுபுறத்தில், தெற்குச் சுவரோரம் ஆளுயரம் அடுக்கிய டயர்களின் பின்னாலிருந்து தங்கப்பனும் அவர் மகளை மணந்த ரகுவும் ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருந்தார்கள். விசைத்தறி உதிரிபாகம் விற்கும் தங்கப்பனை மாமனார் என்ற முறையில் ரகு மட்டுமே மாமா என்று அழைக்க வேண்டும். ஆனால் அந்த முறை எப்படியோ அணி முழுவதற்கும் பரவிவிட்டது. இருவருக்கும் அந்த டயர் அடுக்கு அமிர்தமாக அமைந்திருந்தது. ரகு வலப்பக்கமாக இலேசாகச் சாய்ந்தான், துப்பாக்கியின் முனையும் ஒரு கண்ணும் மட்டுமே வெளியே தெரிந்தன, 'டப்' என்ற ஓசை, எதிர்ப்பக்கத்து டயர் அடுக்கிலிருந்து, விருந்தினராக வந்திருந்த நாமக்கல் அணியின் இளைஞன் ஒருவன் கையை உயர்த்தி, "பட்டுருச்சுங்க!" என்று பணிவோடு அறிவித்துவிட்டு வெளியே நடந்தான். தோட்டா எங்கே பட்டாலும் பட்டவரே கை தூக்கிச் சொல்லிவிட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. 'ங்க' சேர்ப்பது மட்டும் இந்தப் பக்கத்து வழக்கம். மங்கைக்குச் சிரிப்பு வந்தது. சந்தினைப் பார்த்தாள், வெறுமையாக இருந்தது. மறுபடி தெற்கே பார்த்தாள். நாமக்கல்காரர் இன்னொருவர் அதே எதிரடுக்கின் பின்னால் போய் நின்றார். அவர் எட்டிப் பார்த்தபோது முதலில் வந்தது தோள். தோளுக்குப் பின் மார்பில் பாதி. துப்பாக்கி கடைசியில்தான் வந்தது. அது வருவதற்குள் ரகுவின் தோட்டா அவர் தோளைத் தொட்டுவிட்டது. "பட்டுருச்சுங்க!" எவ்வளவு விகாரமாக எட்டிப் பார்க்கிறார் இந்த மனிதர் என்று அவளுக்கு முதலில் தோன்றியது. பிறகுதான், அவருக்கு முன்பு வெளியேறிய இளைஞனும் தோளைத்தானே முதலில் நீட்டினான் என்று நினைவு வந்தது. ஏன் இருவரும் தோளை நீட்டுகிறார்கள்? நாமக்கல்லில் அப்படியா பழக்குகிறார்கள்? அப்போது, எதற்கு என்றே தெரியாமல், சரவணம்பட்டியில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியும் அங்கே தோசைக்கரண்டியோடு நின்ற ஓர் அம்மாளும் அவள் மனத்துக்குள் வந்து நின்றார்கள்.

அந்த மாடியில் எதிரெதிராக இரண்டு வீடுகள். கட்டியவர் ஒரு வீட்டைக் கண்ணாடியில் காட்டியதுபோல் திருப்பி மற்றொன்றைக் கட்டியிருந்தார். வரைபடத்தில் பார்த்தால் அழகோ அழகு. இந்த வீட்டில் அடுப்பு இடது சுவரோரம். அந்த வீட்டில் வலது சுவரோரம். "ஏம்மா, எதிர்வீட்ல கை வீசித் தோசை ஊத்தறாங்க, எனக்கு முழங்கை சுவத்துல இடிக்குது. ரெண்டும் ஒரே வீடுன்னுதானே சொல்லி வித்தீங்க?" என்று அந்த அம்மாள் கரண்டியை நீட்டிக் கேட்டாள். வீட்டை விற்றவள் தானில்லை என்று சொல்ல மங்கை வாயெடுத்து, சொல்லாமல், அடுப்பை நகர்த்திக் கொடுத்துவிட்டு வந்தாள். வீடு கண்ணாடிக்குள் திரும்பிவிடும், கை திரும்பாது. அதற்குப் பிறகு எந்த வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கையால சமைப்பீங்க?" என்பதுதான். எல்லோரும் விநோதமாகப் பார்த்துவிட்டு வலக்கையைக் காட்டுவார்கள். சரி, அதற்கும் இந்தக் கிடங்குக்கும் என்ன? என்ன என்று கேட்டபோதே விடை தெரிந்துவிட்டது. தெரிந்ததை இன்னும் சற்றுநேரம் தெரியாததுபோல் வைத்துக்கொள்ள அவள் முயன்றாள். வடக்குச் சந்து வெறுமையாக இருந்தது. நல்லது. டிரம்மின் விளிம்பில் துரு. நல்லது. தெற்குச் சுவரோரம் எங்கள் பாதியில் ஒரு டயர் அடுக்கு. அதற்கு நேர் எதிரே, அதே தெற்குச் சுவரோரம், அவர்கள் பாதியில் ஒரு டயர் அடுக்கு. வரைபடத்தில் அழகோ அழகு. ஆனால் எங்களுக்கு அந்தச் சுவர் இடக்கைப் பக்கம்; ஆகவே நாங்கள் வலப்பக்கமாக எட்டிப் பார்க்கிறோம். எதிரே நிற்பவர்களுக்கோ அதே சுவர் வலக்கைப் பக்கம். அவர்கள் இடப்பக்கமாகத்தான் எட்டிப் பார்க்க முடியும். வலக்கையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு இடப்பக்கம் எட்டிப் பார்ப்பவனுக்குத் தோளுக்குப் பிறகே துப்பாக்கி. அந்த மனிதர் விகாரமாக எட்டிப் பார்க்கவில்லை. அவருக்கு முழங்கை சுவரில் இடித்தது.

எதிரெதிராக அல்ல, மூலைக்கு மூலை வைத்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெற்குச் சுவரில் என்றால் அவர்களுக்கு வடக்குச் சுவரில். களத்தை மடிக்கக் கூடாது, சுழற்ற வேண்டும். இவ்வளவு எளியது! குழந்தை கூடச் சொல்லும். முதல் சுற்றில் நாங்கள் கிழக்கே நின்றோம், வென்றோம். பக்கம் மாறிய இரண்டாம் சுற்றில் அவர்கள் கிழக்கே நின்றார்கள், அவர்கள் வென்றார்கள். இந்த மூன்றாம் சுற்றுக்குப் பக்கத்தைத் தேர்வது விருந்தினர் உரிமை. சாய்வெயில் கிழக்கே நிற்பவர்களின் கண்ணில் அடிக்கிறது என்பதால் மேற்கு வேண்டுமென்று அவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எல்லோரும் வெயிலைப் பார்த்தார்கள். டயரை ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் நான் பார்த்தேனே! காலையில் யாரும் வருமுன் வந்து, இரண்டு அடுக்குகளின் பின்னாலும் மாறி மாறி நின்று, எட்டி எட்டிப் பார்த்தேனே! மேற்கு அடுக்கின் பின்னால் நின்றபோது எல்லாம் இலகுவாக இருந்தது. காலைக் குளிர்ச்சி என்று நினைத்துக்கொண்டாள். கிழக்கே நின்றபோது கொஞ்சம் முடங்கினாற்போல் இருந்தது. அதை அவள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எப்படி எடுத்துக்கொள்வாள்? கல்லூரியில் எழுதும் பலகை வலப்பக்கம் பொருத்திய நாற்காலியில் உடம்பைத் திருகிக்கொண்டு தேர்வு எழுதியவள். கத்தரிக்கோல் கைவிரலை நெரிக்கும் என்பதை உலக நியதியாக ஏற்றுக்கொண்டவள். விருந்துப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் முழங்கையோடு மோதி மோதி, கடைசியில் வலக்கையால் உண்ணப் பழகியவள். வசதிக்குறைவு என்பது அவளுக்குக் காற்றைப்போல, இருப்பதே தெரியாது. ஊர் முழுவதையும் எந்தக் கை என்று கேட்டவள் தன்னை மட்டும் கேட்கவில்லை. அடடா. சிரிப்பதா அழுவதா என்று தெரியாத அந்த இடத்தில் மனம் கொஞ்சநேரம் நின்று, பிறகு, ஏனோ தெரியவில்லை, சிரிப்பின் பக்கமே சரிந்தது. டிரம்முக்குப் பின்னால் அவள் தோள்கள் குலுங்கின.

"அக்கா, சந்து!" என்று நிசார் நடுவிலிருந்து கத்தினான். "காலிதான் நிசார்!" "சிரிக்கிறீங்களா?" "தூசிப்பா!" நடுவில் பலகைகளுக்கிடையே ஹரிணி சீறிக்கொண்டு பாய்ந்தாள், கல்லூரியில் வேதியியல் நடத்தும் பெண், வகுப்பில் நடப்பாளா இப்படித்தான் பாய்வாளா என்று கேட்க வேண்டும். பாய்ந்த வேகத்திலேயே ஒரு நாமக்கல்காரரை வீழ்த்தினாள். அதே நொடியில் எங்கிருந்தோ வந்த தோட்டா அவள் மாட்டியிருந்த பாதுகாப்புக் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. "ஐயோ, பட்டுருச்சு! டாக்டரம்மா, இந்த வயசுல இவ்வளவு குறி வேணுங்களா?" என்று கேட்டுக்கொண்டே வெளியேறினாள். டாக்டரம்மா என்றது நாமக்கல் அணித்தலைவி பூங்கோதையை, கால்நடை மருத்துவர், நரைத்த கூந்தலை இறுகக் கட்டி, களத்துக்குள்ளும் கைக்கடிகாரத்தோடு வரும் பெண்மணி. அந்தச் சொல்லைச் சொல்லப்போகிறவரும் அவரே. நேரா, சாய்வா? அவருக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் மேற்கைக் கேட்டு வாங்கியிருக்க மாட்டார். அப்படியானால் தெரியாது. தெரியாவிட்டால் நேர் என்றுதானே சொல்வார்? சொன்னால் ஈரோடு, மைக், முழுப் பெயர். ஆனால் ஈரோட்டில், அத்தனை பேர் நடுவில், இறுதிப் போட்டியில், யாரோ ஒருவர் அந்த அடுக்கின் பின்னாலிருந்து தோளை நீட்டுவார். நீட்டியபடியே தோற்பார். வீட்டுக்குப் போய், நான் சரியாக ஆடவில்லை என்று வருந்துவார். தோசை ஊற்றத் தெரியவில்லை என்று வருந்துகிற அம்மாளைப்போல. அதற்குள் மூலைக்கு மூலையாக மாற்றிவிட்டால்? அப்படியே எடுத்து அமைக்க வேண்டும் என்பதுதானே வழக்கம். வரைபடத்தின் நகல் நாளைக்கே ஈரோட்டுக்குப் போய்விடும். சத்தமில்லாமல் ஒரு டயர் அடுக்கை மட்டும் அங்கே போய் நகர்த்தினால்? இரவோடிரவாகத் தானே டயர் உருட்டுவதை அவள் கற்பனை செய்து பார்த்தாள், காவலாளி விளக்கடித்து, "யாரம்மா அது?" என்று கேட்டார், "மாடுலர் கிச்சன்," என்று அவள் பதில் சொன்னாள். மீண்டும் தோள்கள் குலுங்கின. சொல்லிவிடலாம். சொன்னால் என்ன? ஒன்றுமில்லை, காற்றடைத்த மெத்தைகள். சொல்லாவிட்டால் என்ன? ஒன்றுமில்லை, யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது என்ற அந்தக் கடைசித் துண்டுதான் முள்ளாக உறுத்தியது, ஏனென்றால் அது பொய், அவளுக்குத் தெரியும்.

நிசாரும் ஒரு நாமக்கல்காரரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் சுட்டு, ஒரே நேரத்தில் கை தூக்கி, தோளில் கைபோட்டுக்கொண்டு வெளியேறினார்கள். அந்தப் பக்கத்தில் இப்போது எஞ்சியவர் பூங்கோதை ஒருவரே; இந்தப் பக்கத்தில் மாமா, மாப்பிள்ளை, மங்கை. முடிந்தது என்று எல்லோரும் எண்ணினார்கள். கிழக்கு மூன்றாம் முறையும் வெல்லப்போகிறது. அப்போது யாராவது கணக்குப் பார்ப்பார்களா? பூங்கோதை குனிந்தபடி ஓடி, அந்தத் துர்ப்பாக்கிய அடுக்கின் பின்னாலேயே போய் நின்றார். வேண்டாம் டாக்டர், அங்கே வேண்டாம், அது உங்களுக்கு ஆகாது என்று மங்கையின் உள்ளம் எதிரணிக்காகப் பதறியது. தோள் வெளியே வரும், ரகு காத்திருக்கிறான், தோள் வரும். தோள் வரவில்லை. டயர் விளிம்பில் முதலில் தெரிந்தது ஒரு துப்பாக்கி முனை, அடுத்து ஒரு கண், அவ்வளவுதான். 'டப்'. "பட்டுருச்சுங்க மாமா!" "ஏனுங் மாப்ளே, எப்படி?" என்று கேட்கத் தலையை உயர்த்திய மாமாவின் தொப்பியில் அடுத்த தோட்டா பட்டது. "எனக்கும் பட்டுருச்சு! ஒண்ணாவே போயிரலாம், வாங்க!" மங்கை உற்றுப் பார்த்தாள். துப்பாக்கி பூங்கோதையின் இடக்கையில் இருந்தது. வலக்கையால் இத்தனை நேரம் சுட்டவர், அடுக்கின் பின்னால் நின்றதும் தயக்கமே இல்லாமல், பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றுவதுபோல், கையை மாற்றிக்கொண்டிருக்கிறார்! காலையில் அதே இடத்தில், அதே பக்கமாக, அதே கையோடு நின்ற தன்னையே எதிரே நின்று பார்ப்பதுபோல் இருந்தது மங்கைக்கு. அவள் வரைந்த கோட்டை ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார். அவளே படிக்கத் தவறிய வரியையும் சேர்த்துப் படித்துவிட்டார். எத்தனை அழகு! தோளைச் சுருக்கிய அந்த நேர்த்தி, பாதம் வைத்த அந்தக் கோணம். சுட வேண்டும் என்ற நினைவு வந்தபோது, அவள் டிரம்முக்கு மேலே முழுத் தலையையும் நீட்டி வாய் திறந்து வியந்துகொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது. மறுநொடி தோட்டா ஒன்று நெற்றியின் நட்டநடுவில் பொட்டு வைத்தாற்போல் வந்து பட்டது. கிடங்கின் கூரை அதிர, "பட்டுருச்சு!" என்று அவள் கூவினாள். இவ்வளவு மகிழ்ச்சியாக ஒருவர் தோற்று அங்கே யாரும் பார்த்ததில்லை.

நாமக்கல்காரர்கள் தலைவியைச் சூழ்ந்து குதித்தார்கள். "டாக்டர், இடக்கை எங்கே பழகினீங்க?" என்று மூச்சிரைக்க ஓடிவந்து மங்கை கேட்டாள். "பழகறதாவது! மாடு நமக்கு வாகாவா நிக்கும்? செவுத்தோரமா நின்னுச்சுன்னா எந்தக் கை எட்டுதோ அந்தக் கையிலதான் ஊசி. இந்தத் தோளு கொஞ்ச நாளா வேற புடிச்சுக்குது; அதான் அங்க நின்னு எட்டிப் பாக்கறப்ப வலிச்சுச்சு, மாத்திக்கிட்டேன்." அப்படியானால் அவர் களத்தைப் படிக்கவில்லை, தம் தோளைத்தான் குறை சொல்கிறார்! மங்கையின் மகிழ்ச்சி ஒரு படி இறங்கி, ஒரு தெளிவின்மேல் கால் வைத்தது. பார், எவ்வளவு ஒழுங்காக எல்லாம் மூடிக்கொண்டுவிட்டது: கிழக்குக்கு இரண்டு, மேற்குக்கு ஒன்று. மேற்கும் வென்றாயிற்று. இனி எந்தக் கணக்கும் அவளைக் காட்டிக்கொடுக்காது. பூங்கோதை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எல்லோரையும் பார்த்தார், பேச்சு அடங்கியது. "சரி, சொல்லிரலாமுங்களா? ரெண்டு பக்கமும் ஜெயிச்சாச்சு, இதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்குது. களம் வந்து..." அந்த இடைவெளியில் மங்கைக்கு மைக் கேட்டது, தெளிவாக, முழுப் பெயரோடு, எதிரொலியோடு. கேட்டு முடியும்வரை அவள் பொறுத்திருந்தாள், நன்றாகத்தான் இருந்தது. "சாய்வுங்க டாக்டர்," என்றாள். "அக்கா!" என்று நிசார் பதறினான். "நீங்க அமைச்ச களத்துக்கு நீங்களே சொல்றீங்களா? அது அவங்க சொல்லணும்!" "அவங்களுக்குத் தெரியல நிசார். அவங்க தோள் வலின்னு நினைச்சுட்டாங்க." "ஏம்மா, அவங்களே ஜெயிச்சுட்டாங்க, அப்புறம் எந்தப் பக்கம் சாஞ்சுது?" என்றார் தங்கப்பன் மாமா. "வாங்க மாமா, காட்டறேன்." அவரை அழைத்துப்போய் மேற்கு அடுக்கின் பின்னால் நிறுத்தி, வலக்கையில் துப்பாக்கியைக் கொடுத்து, எட்டிப் பார்க்கச் சொன்னாள். மாமா எட்டிப் பார்த்தார். முதலில் வந்தது அவருடைய தொப்பை. "மாமா, இப்ப சுட்டுரட்டுங்களா?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ரகு மிகுந்த மரியாதையோடு கேட்டான். கிடங்கு முழுவதும் வெடித்துச் சிரித்தது. வெளியேறிய அந்த இரண்டு நாமக்கல்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை. தம் தோள்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். "அதானே பாத்தேன்!" என்றான் இளையவன், அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நான் என்னமோ எனக்குத்தான் ஆட வரலைன்னு நெனச்சேங்க."

அந்த முகத்தைப் பார்த்தபோதே ஈரோடு தன் கைவிட்டுப் போனது மங்கைக்குத் தெரிந்தது. போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வலித்தது, ஆனால் பிடிமானம் தளர்ந்த பல் விழுவதைப்போன்ற வலி. பூங்கோதை பிறகு வழக்கப்படி எல்லோருக்கும் கேட்கும்படி, "சாய்வு," என்று அந்த ஒரு சொல்லைச் சொன்னார். சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "எங்க நகத்தணும்?" என்று கேட்டார். யாருக்கும் உடனே விளங்கவில்லை. "இல்லைங்க, சரியா இருந்தா எப்படி இருக்கும்னு பாத்துட்டுப் போவணுமில்ல? நாமக்கல் பஸ் எங்க ஓடிப்போவுது? ஒரு நாளைக்கு ஒரு மேட்ச்தான்னு யாராச்சும் சட்டம் போட்டிருக்காங்களா?" "போடலைங்க!" என்று மாமா எல்லோருக்கும் முந்திக்கொண்டு சொன்னார். இரண்டு ஊராரும் கலந்து டயர்களை உருட்டினார்கள். மங்கை நடுவில் நின்று, அதை இன்னும் தள்ளி, இதைச் சுவரோடு ஒட்டி, அந்த டிரம்களை இந்தப் பக்கம், என்று கைகாட்டிக்கொண்டிருந்தாள். எந்தக் கையால் காட்டுகிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் கவனித்துக்கொண்டாள். மேற்கு அடுக்கு வடக்குச் சுவருக்குப் போனது. அந்தப் பாதியில் வடக்கே நின்ற டிரம்கள் தெற்கே வந்தன. மூலைக்கு மூலை. அதற்குள் வெயில் சாளரத்தைவிட்டு இறங்கிப்போயிருந்தது. கூரையின் குழல்விளக்குகளைப் போட்டதும் கிடங்கு முழுவதும் ஒரே வெளிச்சம். "விருந்தாளிங்க நீங்க, பக்கம் சொல்லுங்க," என்றான் நிசார். பூங்கோதை கிழக்குக்குப் போய் இரண்டு சுவரோரமும் நின்று பார்த்தார். மேற்குக்குப் போய் நின்று பார்த்தார். அடுக்குகளின் பின்னால் வலக்கையோடு ஒரு தடவையும் இடக்கையோடு ஒரு தடவையும் எட்டிப் பார்த்தார். மறுபடி கிழக்குக்கு வந்தார். அவர் நடக்க நடக்க மங்கையின் உள்ளே ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது, அந்த நாளில் முதல்முறையாக, ஓடாமல் நின்றது. கடைசியில் பூங்கோதை இடுப்பில் கைவைத்து, சலிப்பும் கோபமும் கலந்த குரலில், "ஏனுங்க மங்கை, ரெண்டும் ஒண்ணாட்டவே இருக்குதே, இதுல எதைன்னு நான் கேக்கறது?" என்றார்.